மோர்ஸ்பியில் 44 நாட்கள்: ஓர் ஆஸ்திரேலியப் போர் விமானியின் வாழ்க்கை

"இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியப் போர் விமானிகளின் வாழ்க்கை எப்படி இருந்தது? படங்களில் வருவதுபோல வானத்தில் ஒற்றைக்கு ஒற்றை மோதுவதுதான் அவர்கள் வேலையா?" என்பது கேள்வி.

ஒற்றைக்கு ஒற்றை மோதல் மிகக் குறைவு. அப்படி மோதப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. மற்றபடி, எந்தக் களத்தில் இருந்தார், எந்த வருடம் இருந்தார் என்பதைப் பொறுத்து ஒரு விமானியின் வாழ்க்கை அடியோடு மாறிவிடும். 1941இல் இங்கிலாந்தில் இருந்தவருக்குப் பகலில் பிரான்ஸ் மேல் சண்டை, இரவில் மெத்தையில் தூக்கம், விடுப்பு கிடைத்தால் லண்டன். மெல்போர்னின் கால்பந்து நட்சத்திரம் கீத் ட்ரஸ்காட் அப்படித்தான் 452ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டிப் பெயர் வாங்கினார். அடுத்த வருடமே அவர் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவின் மில்ன் விரிகுடாவில் மழையிலும் சேற்றிலும் நின்றார். இரண்டுமே போர் விமானியின் வாழ்க்கைதான். ஆனால் ஆஸ்திரேலியர்களுக்கு இது சொந்த வீட்டு வாசலில் நடந்த போராக மாறியது நியூ கினியில். அதனால் அங்கே போன ஒருவரை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அவர் பெயர் ஜான் பிரான்சிஸ் ஜாக்சன்.

ஜாக்சன் 1908இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் செயின்ட் ஜார்ஜ் என்ற சிறு ஊரில் கால்நடைப் பண்ணை, வியாபாரம் என்று வாழ்ந்தார். சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருந்தார். 1936இல் பிரிஸ்பேனிலிருந்து அடிலெய்டுக்கு நடந்த விமானப் பந்தயத்திலும் கலந்துகொண்டார். அதே வருடம் விமானப்படையின் ரிசர்வில் சேர்ந்தார். 1939இல் போர் வந்ததும் அழைப்பு வந்தது. 1940 பிப்ரவரியில் கல்யாணம். அந்த வருடம் முடிவதற்குள் மத்தியக் கிழக்கில் 3ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தார். லிபியப் பாலைவனத்தில் 1941 பிப்ரவரி 18 அன்று ஒரே பறப்பில் மூன்று ஜெர்மன் ஸ்டூகா விமானங்களை வீழ்த்தினார். ஆனாலும் அவரைப் பற்றிப் படிக்கும்போது வீராவேசமான ஆளாகத் தோன்றுவதில்லை. நிதானமானவர், அதிகம் பேசாதவர், கூட இருக்கும் பையன்களைப் பார்த்துக்கொள்கிறவர். இருபது, இருபத்திரண்டு வயது விமானிகளுக்கு நடுவே 34 வயதுக்காரர் என்பதால் அவர்கள் வைத்த பெயர் 'ஓல்ட் ஜான்'.

இந்தச் சின்னப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர் தொடங்கியதும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை சேர்ந்து 'எம்பயர் ஏர் டிரெயினிங் ஸ்கீம்' என்ற பெரிய பயிற்சித் திட்டத்தை நடத்தின. வங்கி குமாஸ்தா, பண்ணைக்காரர் மகன், பள்ளிக்கூட வாத்தியார் என்று பலதரப்பட்டவர்கள் அதில் வந்தார்கள். முதலில் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானம். அப்புறம் வாராவே. வாராவே அடிப்படையில் பயிற்சி விமானம்தான். வேறு எதுவும் கையில் இல்லாததால் 1942 ஜனவரியில் நியூ கினிக்குப் பக்கத்துத் தீவான நியூ பிரிட்டனில் உள்ள ரபவுலில் அதையே சண்டைக்கு அனுப்பினார்கள். எட்டு வாராவேக்கள், எதிரே நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இளம் விமானிகளை இப்படிப் பலிகொடுத்ததை இப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த சில வாரங்கள் ஆஸ்திரேலியா கண்ட மிக மோசமான வாரங்கள். ஜனவரி 23இல் ரபவுல் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. 19ஆம் தேதி டார்வின் மீதே குண்டு விழுந்தது. மார்ச் 8இல் ஜப்பானியர்கள் நியூ கினியின் வடகரையில் லே, சலமாவா ஆகிய ஊர்களில் இறங்கிவிட்டார்கள். தென்கரையில் மிச்சமிருந்த முக்கியத் தளம் போர்ட் மோர்ஸ்பி. லேயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். நடுவே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர். அதன் உச்சி 4,000 மீட்டருக்கும் மேல். மோர்ஸ்பி அடிக்கடி அடி வாங்கிக்கொண்டிருந்தது, தடுக்க ஒரு போர் விமானம்கூட இல்லை. அமெரிக்காவிலிருந்து கிட்டிஹாக் விமானங்கள் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காத்திருந்து அலுத்துப்போன சிப்பாய்கள் அவற்றுக்கு 'டுமாரோஹாக்', 'நெவர்ஹாக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 4 அன்று டவுன்ஸ்வில்லில் 75ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. மார்ச் 21 அன்று மோர்ஸ்பியில் இறங்கியது. இடையில் மூன்று வாரம்கூட இல்லை. கிட்டிஹாக் கனமான, வேகமான விமானம்; அதைச் சில மணி நேரமே ஓட்டிப் பழகியவர்கள்தான் அதிகம். போரில் சுட்ட அனுபவம் உள்ளவர்கள் ஜாக்சன், பீட்டர் டர்ன்புல் போலச் சிலர். ஜாக்சனின் தம்பி லெஸ்ஸும் அதே ஸ்குவாட்ரனில் இருந்தார். ஸ்குவாட்ரனை உருவாக்கியவர் பீட்டர் ஜெஃப்ரி. மோர்ஸ்பிக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் தலைமை ஜாக்சன் கைக்கு வந்தது.

முதல் நாளே சொந்த ஆட்கள் சுட்டார்கள். வாரக்கணக்கில் ஜப்பானிய விமானங்களை மட்டுமே பார்த்திருந்த பீரங்கிக்காரர்கள், தாழப் பறந்து வந்த முதல் கிட்டிஹாக்குகளை எதிரி என்று நினைத்துவிட்டார்கள். விமானங்கள் சேதமாயின. ஒரு குண்டு விமானியின் தலைக்கு அருகிலேயே பாய்ந்தது. ஆனாலும் அன்றே இரண்டு கிட்டிஹாக்குகள் மேலே போய், வேவு பார்க்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தை மோர்ஸ்பி ஆட்கள் கண்முன்னே வீழ்த்தின. கீழே ஆரவாரம் எழுந்தது. மறுநாள் காலை ஜாக்சன் ஒன்பது விமானங்களோடு மலையைத் தாண்டி லே தளத்தின் மேல் பாய்ந்தார். வரிசையாக நிறுத்தியிருந்த ஜப்பானிய விமானங்கள் ஒரு டஜன் அளவுக்குத் தீப்பிடித்தன. திரும்பி வந்தது ஏழு. கடலில் விழுந்த வில்பர் வாக்கெட் நீந்திக் கரையேறி, காடு மலை கடந்து, ஒரு மாதம் போல ஆனபிறகு மோர்ஸ்பி வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலிய விமானத் தொழிலின் முன்னோடி லாரன்ஸ் வாக்கெட்டின் மகன் அவர்.

சரி, இனி அன்றாட வாழ்க்கை. செவன் மைல் என்ற விமானத்தளம். ஊரிலிருந்து ஏழு மைல் என்பதால் அந்தப் பெயர். வெயிலில் புழுதி, மழையில் சேறு, எந்நேரமும் கொசு. சாப்பாடு பெரும்பாலும் டின் மாட்டிறைச்சியும் கெட்டி பிஸ்கட்டும். குண்டு விழுந்து சேதமான விமானத்தைப் பிரித்து, அதன் பாகங்களை இன்னொன்றில் மாட்டி, மெக்கானிக்குகள் திறந்தவெளியில் இராப்பகலாக வேலை செய்தார்கள். போர்க்கதைகளில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. காலையில் எத்தனை விமானங்கள் பறக்கும் என்பதை முடிவு செய்தது அந்த மெக்கானிக்குகளின் கைகள்தான். பல நாட்கள் அந்த எண்ணிக்கை பத்தைத் தொடவில்லை.

நோய் இன்னொரு எதிரி. மலேரியா, டெங்கு, சீதபேதி என்று மாறி மாறிப் படுத்தார்கள். வயிற்றுப்போக்கோடு தரையில் இருப்பதே கஷ்டம். அதே உடம்போடு 20,000 அடிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரிந்து குடலை முறுக்கும். கிட்டிஹாக்கின் விமானி அறையில் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஏற்பாடெல்லாம் கிடையாது. மூக்கில் ஆக்சிஜன் முகமூடி, இடுப்பிலும் தோளிலும் பட்டை, வயிற்றில் வலி. அந்த நிலையில் வானத்தின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூரியன் பக்கம் பார்க்காமல் விட்டால் அங்கிருந்துதான் எதிரி வருவான்.

எச்சரிக்கை கிடைப்பதும் அரைகுறைதான். மலைகளில் ஒளிந்திருந்து விமானங்களைக் கவனித்து ரேடியோவில் சொல்கிற ஆட்களை நம்பித்தான் இருந்தார்கள். தகவல் வந்ததும் ஓட வேண்டும். வெயிலில் நின்ற விமானத்தின் உலோகம் கையைச் சுடும். மேலே ஏறிக் குண்டுவீச்சு விமானங்களின் உயரத்தைத் தொடக் கிட்டிஹாக்குக்குக் கால் மணி நேரமாவது வேண்டும், சில நாள் அதற்குள் எதிரி தலைக்கு மேல் வந்துவிடுவான். ஏறிக்கொண்டிருக்கிற விமானம் மெதுவாகப் போகும். மேலிருந்து பாய்கிறவனுக்கு அது வாகாக அமைந்துவிடும். பலர் செத்தது இந்த ஏற்றத்தில்தான்.

ஏறிப் போய்ச் சேர்ந்தாலும், சுடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கிட்டிஹாக்கின் இறக்கைகளில் ஆறு கனரக இயந்திரத் துப்பாக்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 20 விநாடியில் குண்டெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுடுவார்கள். பயிற்சி எடுத்து, மலையைத் தாண்டி, ஒரு மணி நேரம் பறந்து, நோயையும் பயத்தையும் அடக்கிக்கொண்டு ஒருவர் செய்தது மொத்தம் அந்தச் சில விநாடி வேலைதான்.

எதிரே இருந்தது ஜப்பானின் ஜீரோ போர் விமானம். சண்டைக்குக் கிளம்பும்போது அதன் எடை 2,400 கிலோ சொச்சம். கிட்டிஹாக் 3,700 கிலோவுக்கும் மேல். ஜீரோ பூனைபோலத் திரும்பும், விறுவிறுவென்று ஏறும். அதனோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் சில சுற்றுகளில் அது பின்னால் வந்துவிடும். போதாததற்கு ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானின் தைனான் படைப்பிரிவு லேக்கு வந்தது. சபுரோ சகாய், நிஷிசாவா போன்ற கைதேர்ந்த விமானிகள் இருந்த பிரிவு அது. கிட்டிஹாக்குக்கும் பலம் உண்டு. கனமாக இருப்பதால் குத்தாகப் பாயும்போது வேகம் எடுக்கும். அந்த வேகத்தில் ஜீரோவின் கட்டுப்பாட்டுப் பலகைகள் இறுகிவிடும். விமானிக்குப் பின்னால் இரும்புக் கவசம் உண்டு, அடி தாங்கும். ஆகவே ஜாக்சன் வைத்திருந்த முறை எளிது. உயரத்தில் இருந்தால் மட்டும் பாய், ஒரு முறை சுடு, நிற்காமல் கீழே போய்விடு. திரும்பிச் சண்டை போடாதே. இன்றைக்குப் பார்த்தாலும் அந்த விமானத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ஏப்ரல் 10 அன்று ஜாக்சன் தனியாக லே பக்கம் வேவு பார்க்கப் போனார். ஜீரோக்கள் அவரை மடக்கிக் கடலில் இறக்கிவிட்டன. மேலே எதிரி வட்டமிட்டுக்கொண்டிருக்க, கரைக்கு நீந்தினார். அங்கிருந்து ஜப்பானியர் கையில் சிக்காமல் அவரைக் காட்டு வழியாக வாவு என்ற தங்கச் சுரங்க ஊருக்குக் கூட்டிப்போனவர்கள் நியூ கினியைச் சேர்ந்த இரண்டு பேர். பிடிபட்டிருந்தால் மூன்று பேருக்கும் மரணம்தான். அந்தப் போரில் விழுந்த விமானிகளில் பலர் பிழைத்தது இப்படி ஊர்க்காரர்கள் காட்டிய வழியால்தான். 23ஆம் தேதி ஒரு அமெரிக்க விமானம் அவரை வாவுவிலிருந்து மோர்ஸ்பிக்குக் கொண்டுவந்தது. இறங்குகிற நேரத்தில் மேலே ஜப்பானிய விமானங்கள். ஒரு குண்டு ஜாக்சனின் விரல் நுனியைப் பிய்த்துக்கொண்டு போனது.

இத்தனைக்குப் பிறகு எந்த ராணுவத்திலும் ஒரு தளபதியை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஜாக்சன் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அனுப்ப வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்து நடந்ததைத்தான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். 75ஆம் ஸ்குவாட்ரன் ஜீரோக்களோடு நின்று சண்டை போடாமல் நழுவுகிறது என்ற குறை மேலதிகாரிகள் தரப்பிலிருந்து வந்தது. ஏப்ரல் 27 இரவு ஜாக்சன் தன் பையன்களிடம், நாளைக்கு எப்படி என்று காட்டுகிறேன் என்ற பொருளில் சொன்னதாக உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மறுநாள் பறக்கிற நிலையில் மிச்சமிருந்தவை ஐந்து கிட்டிஹாக்குகள். அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு, குண்டுவீச்சு விமானங்களையும் அவற்றுக்குக் காவலாக வந்த ஜீரோக்களையும் எதிர்த்து ஏறினார். ஒரு எதிரி விமானத்தை வீழ்த்தியதாகக் கணக்கு உண்டு. அப்புறம் அவரையும் வீழ்த்திவிட்டார்கள். அதே சண்டையில் பாரி காக்ஸும் இறந்தார். மோர்ஸ்பிக்கு வந்த முதல் நாளன்று வேவு விமானத்தை வீழ்த்திய இருவரில் ஒருவர் அவர், மற்றவர் வாக்கெட்.

குறை சொன்னவர்கள் மேஜையில் இருந்து சொன்னார்கள். ஐந்து வாரம் அந்த முறையால்தான் ஸ்குவாட்ரன் உயிரோடு இருந்தது. அதை விட்ட அன்றே தலைவர் போனார். ஜாக்சன் கோபத்தில் அப்படிச் செய்தாரா, பையன்கள் மேல் விழுந்த பழியைத் தன் மேல் வாங்கிக்கொண்டாரா என்று பல கோணத்தில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய குணத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கோழை என்ற வார்த்தையைப் பையன்கள் காதில் விழவிடாமல் இருக்க ஒரு நிதானமான மனிதர் செய்த காரியம் அது. அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி லெஸ் ஜாக்சன் தலைமை ஏற்றார். அண்ணனை இழந்த கையோடு மிச்சமிருந்தவர்களை வழிநடத்த வேண்டியிருந்தது. ஏப்ரல் 30இல் அமெரிக்க ஐராகோப்ரா விமானங்கள் வந்து சேர்ந்தன. மே 3 அன்று 75இன் கடைசிச் சண்டை. 44 நாட்கள். 12 விமானிகளும் 20க்கு மேற்பட்ட கிட்டிஹாக்குகளும் போயின. எதிரி விமானங்கள் 35ஐ அழித்ததாக ஸ்குவாட்ரனின் கணக்கு. சண்டை நேரத்துக் கணக்குகள் எல்லாத் தரப்பிலும் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனால் மோர்ஸ்பி கையை விட்டுப் போகவில்லை. அடுத்த சில நாட்களில் பவளக் கடல் போர் நடந்து, கடல்வழியாக வந்த ஜப்பானியப் படை திரும்பிப் போனது.

அந்த ஆகஸ்டிலேயே 75உம் 76ஆம் ஸ்குவாட்ரனும் மில்ன் விரிகுடாவில் மறுபடி களத்தில் இறங்கின. அங்கே வேலை வேறு மாதிரி: தென்னை மரங்களின் உயரத்தில் பறந்து, கரையிறங்கிய ஜப்பானியப் படகுகளையும் சிப்பாய்களையும் சுடுவது. எழும்பிய சில நிமிடங்களில் இலக்கு வந்துவிடும் அளவுக்கு எதிரி பக்கத்தில் இருந்தான். 76இன் தலைவராக இருந்த டர்ன்புல் ஆகஸ்ட் 27 அன்று அப்படித் தாழப் பறந்தபோதுதான் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஆரம்பத்தில் சொன்ன ட்ரஸ்காட். அவரும் 1943 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பயிற்சிப் பறப்பில் கடலில் விழுந்து இறந்தார். எதிரி யாருமே இல்லாத வானத்தில் இப்படிப் போன விமானிகள் ஏராளம்.

பிழைத்தவர்களின் வாழ்க்கையைச் சொல்லாமல் பதில் முடியாது. அதற்கு ஜாக்சனின் செயின்ட் ஜார்ஜ் வட்டாரத்திலேயே வளர்ந்த இன்னொருவர் இருக்கிறார்: லென் வாட்டர்ஸ். கமிலராய் பழங்குடியைச் சேர்ந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு மரப்பட்டை வெட்டும் வேலைக்குப் போனவர். 1942இல் மெக்கானிக்காகச் சேர்ந்து, இரவில் படித்துத் தேறி விமானியானார். 78ஆம் ஸ்குவாட்ரனில் கிட்டிஹாக் ஓட்டி 95 முறை போர்ப்பறப்பு போனார். ஒருமுறை 37 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று அவர் இருக்கைக்குப் பின்னால் வந்து வெடிக்காமல் செருகிக்கொண்டது. அதைச் சுமந்துகொண்டே தளம் வரை பறந்து, பூப்போலத் தரையிறக்கினார்.

படையில் இருந்தவரை தன்னை எல்லோரும் சமமாக நடத்தினார்கள் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1946இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் ஒரு சிறு விமான சேவை நடத்த ஆசை. அதற்குப் பணமும் கிடைக்கவில்லை, அரசாங்க அனுமதியும் கிடைக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலைக்கே திரும்பிப் போனார். 1993இல் இறக்கும் வரை மறுபடி விமானம் ஓட்டவே இல்லை.

ஜாக்சன் விஷயத்தில் நாடு பெயரை மறக்கவில்லை. செவன் மைல் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இன்று பாப்புவா நியூ கினியின் தலைநகருக்கு விமானத்தில் போகிற எல்லோரும் இறங்குவது ஜாக்சன்ஸ் சர்வதேச விமான நிலையத்தில். 95 முறை போருக்குப் பறந்த வாட்டர்ஸுக்கு அவர் உயிரோடு இருந்தபோது ஒரு லைசென்ஸ் கொடுக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.